சேமிக்காமல் விட்ட ஒரு வரி

எனக்கு வேலை தெரியும். வாயும் கொஞ்சம் நீளம். சேலத்தில் சின்னதாக ஒரு கடை வைத்துக்கொண்டு, அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பரமத்தி வரைக்கும் பள்ளிக்கூடம், நூல் மில், லாரி ஆபீஸ், கோழிப்பண்ணை என்று கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். முடியாது என்று கைவிரித்துத் திரும்பிய இடம் கிடையாது என்று யார் கேட்டாலும் சொல்லிக்கொள்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு வேலையை மட்டும் நான் முடிக்காமல் திரும்பியிருக்கலாம்.

நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நின்றுபோயிருந்த பதினாறு கேமராக்களை ஒரு முற்பகலில் ஓட வைத்தேன். அந்த வீட்டு மகன் அப்போது இறந்துபோயிருந்தான். அவன் பண்ணையை விட்டுக் கிளம்பிய கடைசிக் காலை ரெக்கார்டரில் படமாகக் கிடந்தது. அவனுடைய அப்பா அதைத் தினமும் ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேமராக்களை ஓட வைத்ததால் அந்தப் படம் அழிந்தது. தெரியாமல் நடந்ததுதான். தெரிந்துகொள்ளாமல் விட்டது என்னுடைய குற்றம், அதைத்தான் எழுதப் போகிறேன்.

அந்தப் பண்ணை எனக்கு மகன் மூலமாகத்தான் பழக்கம். முப்பதைத் தாண்டியவன். எங்கள் பக்கத்துப் பையன்கள் பலரைப் போல அவனுக்கும் பெண் அமையவில்லை. அதை மற்றவர்கள் பேசும் முன்னால் அவனே கேலியாகப் பேசிவிடுவான். ஐந்து ஷெட், முட்டை அறை, தீவன மில், கேட் என்று எல்லா இடத்திலும் கேமரா வேண்டும் என்று என்னைத் தேடி வந்தான். அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை.

"கோழியப் பாக்கறதுக்கு மனுசங் கண்ணு பத்தாதாக்கு?" என்று என் காதுபடவே சொன்னார்.

"நம்ம கண்ணு மத்தியானத்துல தூங்கிப் போயிருதுங்கப்பா" என்றான் மகன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன், அதனால் என்னையும் முறைத்தார்.

பண்ணை ஆபீஸ் அறையில் ஒரு இரும்புப் பெட்டி வைத்தோம். அதற்குள் மேலே ஃபயர்வால், இணையத்துக்குக் காவல். கீழே இருபத்துநான்கு துளையுள்ள ஸ்விட்ச். விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றின் வயரும் வந்து சேரும் பெட்டி. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே வலையில் போட்டிருந்தேன். முட்டை ஏற்ற வரும் டிரைவர்கள் வைஃபையில் படம் பார்க்க ஆரம்பித்ததும் கேமரா திக்கித் திணறியது. "அண்ணா, ஷெட்டுல ஆளு நடந்தா பொம்மலாட்டமாட்ட தெரியுதுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டான்.

போய், ஸ்விட்ச்சுக்குள்ளேயே தனித்தனி வலைகளாகப் பிரித்துக் கொடுத்தேன். எங்கள் பேச்சில் இதற்கு விலான் என்று பெயர். பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஒரே பண்ணைதான், ஆனால் குஞ்சு ஷெட் வேறு, பெரிய கோழி ஷெட் வேறு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் காவல்காரனைத் தாண்ட வேண்டும். அந்தக் காவல்காரன் ஃபயர்வால். ஆபீஸுக்கு ஏற்கெனவே இருந்த பத்தாம் எண் வலை, கேமராக்களுக்குப் புதிதாக இருபதாம் எண் வலை. படத்தைப் பதிவுசெய்யும் ரெக்கார்டர் ஆபீஸ் மேஜையில், பத்தாம் எண்ணில் இருந்தது. ஆக ஒவ்வொரு கேமராவின் படமும் ஸ்விட்ச்சிலிருந்து ஒரே ஒரு வயர் வழியாக ஃபயர்வாலுக்கு ஏறி, அங்கே அனுமதி வாங்கிக்கொண்டு, மறுபடி இறங்கி வந்துதான் ரெக்கார்டரைச் சேர வேண்டும்.

அன்றைக்கு வேலை முடியும் நேரத்தில் மேச்சேரியிலிருந்து வேறொரு வாடிக்கையாளர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படம் தெளிவாக ஓடுவதைக் காட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பினேன். அவன் ஆம்லெட் போடச் சொல்லியிருந்தான். அதைக்கூடச் சாப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். ஒவ்வொரு வயரின் தலையிலும் அது சொருகும் துளைக்குப் பக்கத்திலும் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தான். சிவப்பு ஒரு புள்ளி, சிவப்பு இரண்டு புள்ளி, நீலம் ஒரு புள்ளி என்று இருபத்துநான்குக்கும். ஸ்டிக்கர் ஒட்டினால் கோழித் தூசியில் உதிர்ந்துவிடும், இது போகாது என்று போனில் சொல்லிச் சிரித்தான். "கடைக்காரரு ஒரு மாதிரியா பாத்தாருங்கண்ணா. கல்யாணமே ஆகல, அஞ்சு கலர்ல நகப்பூச்சு வாங்கறானேன்னு." அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எழுதும்போதும் கேட்கிறது.

போன வருடம் ஒரு காலையில் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து வாங்கச் சேலத்துக்குப் பைக்கில் கிளம்பியவன், புறவழிச்சாலையில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் மோதி இறந்துபோனான். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. துக்கம் கேட்கப் போக வேண்டும், இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்து, கருமாதியும் தாண்டிவிட்டது. தாண்டியபிறகு போக வெட்கமாக இருந்தது. போகாமலே விட்டேன்.

அவன் இறந்து இரண்டு மாதம் இருக்கும், அவனுடைய தாய்மாமா போன் செய்தார். அதாவது பண்ணைக்காரரின் மச்சினன்.

"ஏனுங்க, கேமரா ஒண்ணும் வரலீங்க. நெட்டு வருது, கம்ப்யூட்டர் வேல செய்யுது, கேமரா மட்டும் இல்லீங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எங்க மச்சான்கிட்டச் சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. நீங்க ஒருக்கா வந்துட்டுப் போங்க."

"பொட்டிய எதாச்சும் நகத்துனீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. வாஸ்துக்காரரக் கூட்டிட்டு வந்தோமுங்க. ஈசானிய மூலைல நெருப்பு இருக்குது, அதான் ஊட்டுல இப்படி ஆயிருச்சுன்னு சொல்லிப்போட்டாரு. அக்னி மூலைக்கு மாத்தீட்டோம்."

நெருப்பு என்று அவர் சொன்னது ஸ்விட்ச்சில் மினுங்கும் பச்சை விளக்குகளை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாஸ்து பார்ப்பவர்கள் எனக்குக் கொடுக்கும் வேலை கொஞ்சமல்ல. மேற்கே இருந்ததைக் கிழக்கே மாற்றுவார்கள், கண்ட துளையில் கண்ட வயரைச் சொருகுவார்கள், அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள். வழியெல்லாம் அந்த வாஸ்துக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். ஒரு பையன் செத்துப்போன வீட்டுக்குப் போகிறோம் என்ற நினைப்பே கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தும்போதுதான் வந்தது.

பண்ணைக்குள் நுழைய ஒரு முறை இருக்கிறது. நோய் தொற்றாமல் இருக்க, கேட்டில் ஊதா நிறத் தண்ணீர்த் தொட்டியில் கால் நனைத்துத்தான் போக வேண்டும். தொட்டிக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவனுடைய அப்பா உட்கார்ந்து கீறல் முட்டை பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு முட்டையை எடுத்துக் காதருகே வைத்து மெதுவாகத் தட்டுவார். சத்தம் கணீரென்று வந்தால் நல்ல முட்டை, மொக்கையாக வந்தால் கீறல். எத்தனை மெஷின் வந்தாலும் அவர் காதைத்தான் நம்புவார் என்று மகன் சொல்லியிருக்கிறான்.

நான் கைகூப்பினேன். அவரே, "வாங் சாமி, உள்ள போங்" என்றார். எழுந்து என் பின்னாலேயே வந்தார்.

பெட்டி தென்கிழக்கு மூலையில் இருந்தது. கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மேஜைமேல் ரெக்கார்டரின் திரைமீது ஒரு துண்டு போர்த்தியிருந்தது. நான் துண்டை எடுக்கப் போனேன். அவர் எனக்கு முந்திக்கொண்டு எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. அப்போது எனக்கு எதுவுமே தெரியவில்லை.

"வயர இடம் மாத்திச் சொருகியிருப்பாங்க" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். ஃபயர்வாலுக்குப் போகும் வயரைத் தவறான துளையில் சொருகியிருந்தால் ஆபீஸ் மட்டும் ஓடும், கேமரா நிற்கும். நோய் அப்படியே பொருந்தியது. ஆனால் அந்த வயரின் தலையில் பச்சை நான்கு புள்ளி இருந்தது. துளைக்குப் பக்கத்திலும் பச்சை நான்கு புள்ளி. சரியான இடம்தான். வயர் கெட்டிருக்கும் என்று புது வயர் போட்டேன். இல்லை. ஃபயர்வாலுக்குள் போய் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. அங்கிருந்து கேமராக்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இருபதாம் எண்ணில் ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. மற்ற இருபத்துமூன்று வயர்களையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டேன். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். பெட்டியைத் தூக்கிய ஆட்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஒரு வயரைக்கூடத் தப்பாகச் சொருகவில்லை.

ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியாகப் பார்த்தேன். ஸ்விட்ச்சுக்குள் போய், உன்னிடம் என்னென்ன வலை இருக்கிறது என்று கேட்டேன். பட்டியல் வந்தது. அதில் இருபது இல்லை.

இந்த ஸ்விட்ச்சுகளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் சொல்லும் மாற்றத்தை உடனே செய்துவிடும். ஆனால் மின்சாரம் இருக்கும்வரைதான் ஞாபகம் வைத்திருக்கும். கடைசியில், இதை நிரந்தரமாக வைத்துக்கொள் என்று ஒரு வரி அடிக்க வேண்டும். மேச்சேரிக்காரர் கூப்பிட்ட அவசரத்தில் அந்த வரியை நான் அடிக்கவில்லை. பெட்டிக்கு யுபிஎஸ் இருந்ததால் ஒரு வருடமாக அது அணையவே இல்லை. பெட்டியை இடம் மாற்றக் கழற்றியபோதுதான் முதல்முறையாக அணைந்தது. இருபதாம் எண்ணை மறந்தது. வாஸ்துக்காரர் மேல் தப்பில்லை, தூக்கிய ஆட்கள் மேல் தப்பில்லை. தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் பண்ணுகிற தப்பு, அதை நான் பண்ணியிருந்தேன்.

"என்னங்க, கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றார் மச்சினன்.

"கரண்ட்டு போனதுல மறந்துருச்சுங்க. பொட்டிய அமத்தி எடுத்தீங்கல்ல, உள்ள இருந்ததெல்லாம் போயிருச்சு" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. என் பங்கை மட்டும் விழுங்கிவிட்டேன்.

இருபதாம் எண்ணை மறுபடி உருவாக்கினேன். கேமரா வயர்கள் பதினாறையும் அதில் சேர்த்தேன். ஃபயர்வாலுக்குப் போகும் வயரில் இருபதைப் போகவிடு என்று சொன்னேன். அந்தக் கடைசி வரியை அடித்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவையும் அடித்தேன். திரையில் கறுப்பாகக் கிடந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக விழித்தன. மில், முட்டை அறை, ஷெட்டுகள், கடைசியாகக் கேட். மச்சினன் கையைத் தட்டினார்.

அப்பா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கை தட்டவில்லை. "சாமி, இனி இதுல பழசெல்லாம் அப்படியே இருக்குமில்லீங்க? எதும் போயிராதில்ல?" என்று கேட்டார்.

என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வரிதான். மடிக்கணினியை மூடிக்கொண்டே, "எதும் போகாதுங்கய்யா. இனி பத்துத் தடவ கரண்ட்டு போனாலும் அப்படியே இருக்கும்" என்றேன். ஸ்விட்ச்சைச் சொன்னேன். அவர் கை எதைக் காட்டியது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேஜையைக் காட்டிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்.

ஆறு நாள் கழித்து அவரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நான் இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடையில் ஏணிமேல் நின்றிருந்தேன், எடுக்கவில்லை. இறங்கியபிறகு பார்த்தேன். திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். வேறு யாராவது வந்து பார்த்து, அந்த ஆள்தான் சேமிக்காமல் விட்டிருக்கிறார் என்று சொல்லியிருப்பார்களோ என்று பயந்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். துக்கம் கேட்கப் போவதைத் தள்ளிப்போட்டதைப் போலவே இதையும் தள்ளிப்போட்டேன்.

பதினோராம் நாள் காலையில் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தேன்.

"சாமி, அந்த நாளக் காணோமுங்க" என்றார்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. பழசெல்லாம் இருக்குமா என்று அன்றைக்கு அவர் கேட்டது எதை என்று அப்போதுதான் உறைத்தது. உடனே கிளம்பிப் போனேன்.

ஆபீஸில் அவர் மட்டும் இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு சொன்னார், எனக்கு முகம் காட்டாமல், திரையைப் பார்த்தபடியே.

கேட் கேமராவில் மகன் கடைசியாகக் கிளம்பியது பதிவாகியிருந்தது. காலை ஆறே முக்கால். ஊதாத் தண்ணீரில் கால் நனைத்து வெளியே வருகிறான். பைக்கைக் கிளப்புகிறான். வேப்பமரத்தடிக்கு வந்ததும் நிறுத்தி, அப்பாவைப் பார்த்து என்னவோ சொல்கிறான். அப்புறம் போகிறான். இதை இறந்த நான்காம் நாள் ரெக்கார்டரில் தற்செயலாகக் கண்டுபிடித்திருக்கிறார். மகன் எப்போதோ காட்டிக் கொடுத்தபடி தேதியைத் தட்டிப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்திருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் வந்து பார்த்து அழுவார்கள், தன்னையும் பார்க்க விடமாட்டார்கள் என்று பயம்.

பார்க்கப் பார்க்க இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் பட்டியலின் அடியிலிருந்து ஒரு தேதி காணாமல் போகிறது. ரெக்கார்டரில் ஒரு மாதப் படம்தான் கொள்ளும். புதுநாள் உள்ளே வர வர, பழைய நாள் வெளியே போகும். மகனுடைய நாளை நோக்கி அது நெருங்கி வந்துகொண்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் வாஸ்துக்காரர் வந்தார். பெட்டியை மாற்றினார்கள். கேமராக்கள் நின்றன. புதுப் படம் வராததால் பழைய படம் அழிவதும் நின்றது.

"எனக்குச் சந்தோசமுங்க. அந்த மகராசன் வாஸ்துக்காரரு எனக்குன்னே வந்தாருன்னு நெனச்சுக்கிட்டேன். அதான் உங்களக் கூப்பிடவே இல்ல. மச்சினன் கூப்பிட்டுட்டான்."

நான் வந்து சரிசெய்தேன். எதுவும் போகாது என்று சொல்லிவிட்டுப் போனேன். நம்பியிருக்கிறார். ஆறாம் நாள் மறுபடி தேதி குறைவதைப் பார்த்து எனக்கு இரண்டு தடவை போன் போட்டிருக்கிறார்.

"மெசின அமத்திப் போட்டிருக்கலாமேங்கய்யா" என்றேன். கேட்டதும்தான் அதன் பதில் எனக்கே தெரிந்தது.

"அமத்தத்தான் கை வெச்சேனுங்க. நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க, அமத்துனதுல உள்ள இருந்ததெல்லாம் போயிருச்சுன்னு. இதும் மறந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

நான் என் பங்கை விழுங்குவதற்காகச் சொன்ன வார்த்தை அது. வயரைப் பிடுங்கியிருந்தால் அவன் இன்றைக்கும் அதில் இருந்திருப்பான். பிடுங்கப் போன கையை நான் பிடித்துத் தள்ளியிருக்கிறேன், அங்கே இல்லாமலே.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டி, அழிந்ததை மீட்கத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். அந்த இடத்தின்மேல் வேறு நாட்கள் எழுதப்பட்டிருந்தன. கோழி, தீவன லாரி, முட்டை அட்டை. அடியில் ஒன்றும் இல்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் ஆனது. நான் தலையை ஆட்டியதும் எழுந்தார்.

"அவன் என்னமோ சொன்னானுங்க. அதுல சத்தம் வராது. வாயி அசையறத வெச்சுக் கண்டுபுடிச்சரலாம்னு தினம் பாத்தேன். 'வாரேனுங்கப்பா'ன்னு சொன்ன மாதிரியும் இருக்கும், 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்ட மாதிரியும் இருக்கும்."

"நீங்க பக்கத்துலதானுங்க இருந்தீங்க?"

"முட்டையக் காதுல வெச்சுத் தட்டீட்டு இருந்தேனுங்க. நிமிந்தே பாக்கல."

இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வரி, மேச்சேரி போன், சேமிக்காமல் விட்டது, அதை மூடப் பாதி உண்மை சொன்னது, போனை எடுக்காதது. அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் பெட்டியின் கதவைத் திறந்து, அந்த நகப்பூச்சுப் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ வயரெல்லாம் சரியாத்தான் சொருகியிருந்துச்சுங்களா?"

"எல்லாமே சரியாத்தானுங்க இருந்துச்சு. ஒண்ணுகூட மாறல."

"எம் பையன் வெச்ச குறி தப்பாகாதுங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே மக்காச்சோள லாரி ஹாரன் அடித்தது. "இருந்து டீ குடிச்சிட்டுப் போங் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி ரெக்கார்டரை ஓட விட்டேன். பட்டியலின் அடியில் இப்போது இருந்தது அவன் இறந்த மறுநாள். கேட் கேமராவில் வெள்ளை வேட்டிகள், பந்தலின் ஒரு மூலை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதைப் பார்க்க முடியாமல் கடைசிப் பத்து நாட்களுக்கு வந்தேன். எல்லா கேமராவும் சரியாகப் பதிகிறதா என்று பார்ப்பது வழக்கம், அதற்காகத்தான். கை தானாகவே ஆறே முக்காலுக்குப் போனது.

வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்து முட்டை தட்டிக்கொண்டிருக்கிறார். ஆறே முக்கால் ஆனதும் இரண்டு முட்டையையும் அட்டையில் வைக்கிறார். நிமிர்கிறார். எதிரே, ஒரு பைக் வந்து நின்றால் நிற்கும் இடத்தை, ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு குனிந்து மறுபடியும் முட்டையை எடுக்கிறார். அடுத்த நாளைத் தட்டினேன். அதே நேரம், அதே நிமிர்வு. அதற்கடுத்த நாளும் அப்படியே. பத்து நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கடைசி நாள், எனக்குப் போன் செய்த அந்தக் காலையில் மட்டும், நிமிர்ந்தவர் வாயைத் திறந்து என்னவோ சொல்கிறார். இரண்டு வார்த்தை இருக்கும். கேமராவில் சத்தம் வராது. நான் அதை ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். பதில் சொன்ன மாதிரியும் இருந்தது, கேட்ட மாதிரியும் இருந்தது. யாரோ கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போய்விட்டது.

கிளம்பும் முன்னால் அந்தப் பத்துக் காலைகளையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. பண்ணை ரெக்கார்டரில் அவை இந்நேரம் அழிந்திருக்கும். என் மேஜை டிராயரில் இருக்கின்றன. சில நாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைச் சொருகி, எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.